மன்னாரின் மேசைக்கு ஓர் இயங்குதளம்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்கின்றன. லினசு டோர்வால்ட்சு 1991இல் தொடங்கிய லினக்ஸ் கருவோடு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியோடு, தேவையான கருவிகளையும் தொகுத்துத் தரும் வழங்கல்களின் அழகு, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவைப் பயனரிடமே ஒப்படைப்பதில் இருக்கிறது.

இந்தச் சுதந்திரத்தின் அருமை தமிழில் எழுதும் ஒருவரின் கணினியில்தான் முழுமையாக விளங்கும். இந்தியாவுக்கு வேறாகவும் இலங்கைக்கு வேறாகவும் தமிழ் வட்டார அமைப்புகள், அதாவது மொழி, நாணயம், நாள் ஆகியவற்றைக் காட்டும் விதிகளின் தொகுப்புகள், லினக்ஸில் உள்ளன. ஆதலால் மன்னார் மாவட்டத்துப் பேசாலையில் இலங்கை அமைப்பைத் தேர்ந்து கணக்கெழுதுபவரின் திரையில் இலங்கை ரூபாயே இயல்பாக அமையும். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியும் எம்17என் என்னும் விசைப்பலகைத் தொகுப்பும் சேர்ந்தால், இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்யலாம். பழகிய விரல்கள் புதிய அமைப்புக்காகத் தடுமாற வேண்டியதில்லை. வேண்டிய எழுத்துருவை முதன்மையாக்கவும், ஓப்பன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளரைக் கொண்டு பலகங்களே இல்லாத வெறுந்திரையில் பணிபுரியவும் இயலும்.

வழங்கல்களுள் 2002இல் ஜட் வினெட் வெளியிட்ட ஆர்ச், அடித்தளத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ள இடம் தருவதால் கட்டும் கலையை நேசிப்போருக்குப் பெருவிருந்து. எனினும் அது தனிப்பதிப்புகளின்றி இடைவிடாது புதுப்பிக்கப்படுவது. கைப்பேசித் தரவை அளந்து செலவிடும் வீட்டுக்கு அந்த ஓயாத பதிவிறக்கம் சுமையாகும். இயான் மர்டாக் 1993இல் தொடங்கிய டெபியனோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நிலைப்பதிப்பை வெளியிட்டு, இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களையும் பிழைத்திருத்தங்களையும் மட்டுமே அளிக்கிறது. அதன் நிறுவல் கோப்பை வவுனியாவில் இறக்கி யூஎஸ்பியில் தலைமன்னாருக்குக் கொண்டுவரலாம். பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமம் தடையில்லை. வரைகலை நிறுவியிலும் தமிழ் உண்டு.

ஆகவே மன்னாருக்கு டெபியனே மேலானது. அதனை வெற்று அடித்தளமாக நிறுவி, எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான மேசைச்சூழலைச் சேர்த்து, மற்றவற்றைத் தேவை எழும்போது மட்டும் இணைப்பது சிறந்த முறை. 2025இல் வந்த 13ஆம் பதிப்பு பழைய 32 பிட் கணினிகளில் நிறுவுவதற்கு வழங்கப்படுவதில்லை என்பதால், அத்தகைய கணினி வைத்திருப்போர் 12ஆம் பதிப்பையே தேட வேண்டும்.