கூரைமேல் இருப்பது கேடயமா?

2025 மே 7 அன்று நாட்டின் 244 மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடத்தினார்கள். அந்த நாட்களில் வலுப்பெற்ற ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. அனல்மின் நிலையமும் துணைமின் நிலையமும் எதிரிக்கும் பயங்கரவாதிக்கும் எளிய இலக்கு. ஒரு கோடி வீட்டுக் கூரைகளை யாரால் தகர்க்க முடியும்? ஆகவே வீட்டுக்கு வீடு சோலார் வைப்பது நாட்டுக்கே பாதுகாப்பு என்கிறார்கள். மேடையில் கேட்ட இந்த வாதம் இப்போது பேனல் விற்பவரின் துண்டறிக்கையிலும் வந்துவிட்டது. கூரைச் சூரிய மின்சாரத்தை ஆதரிப்பவன் நான். அதனாலேயே இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

வாதம் புதிதல்ல. ஏமரி லோவின்ஸும் ஹன்டர் லோவின்ஸும் பென்டகனுக்காகச் செய்த ஆய்வு 1982-இல் ‘பிரிட்டில் பவர்’ என்ற நூலாக வந்தது. பெரிய மின்நிலையங்களையும் நீண்ட மின்தடங்களையும் மட்டும் நம்பிய நாட்டைச் சிலர் சேர்ந்தே முடக்கிவிடலாம், உற்பத்தியைச் சிறிது சிறிதாகப் பரப்பி வைத்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும் என்பது அதன் சாரம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்நூலை மறுபடியும் வெளியிட்டார்கள். உக்ரைனைப் பார்த்தால் அந்த எச்சரிக்கையில் உண்மை இருப்பது தெரியும். 2022 அக்டோபர் முதல் ரஷ்யா அங்கே மின்கட்டமைப்பைக் குறிவைத்துத் தாக்கிவருகிறது. பல மருத்துவமனைகள் கூரையில் பேனலும் உள்ளே பேட்டரியும் வைத்துச் சமாளிக்கின்றன. கூரைச் சோலாரால் மின்கட்டணம் குறைகிறது, நிலக்கரி மிச்சமாகிறது, தனியாக நிலம் தேவையில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் லோவின்ஸ் தம்பதி கேட்டது தனித்து நிற்கக்கூடிய சிறு நிலையங்களை. உக்ரைன் மருத்துவமனைகளில் பேனலோடு பேட்டரியும் இருக்கிறது. நம் கூரைகளில் ஏறிக்கொண்டிருப்பதில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது மேற்குத் தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மின்சாரமில்லாமல் நாட்களை ஓட்டியது. மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பேனல். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மாடிப்படி ஓரம் மாட்டியிருந்த இன்வெர்ட்டரில் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் துணியை நனைத்துப் பேனலைத் துடைத்தார், மெயினை அணைத்துப் போட்டார், விற்றவருக்கு விடாமல் போன் அடித்தார். கடைசியில் கிடைத்த பதில்: “சார், ஈ.பி. வந்தாத்தான் சார் உங்க சோலார் ஓடும்.” கீழே சம்பு நிறையத் தண்ணீர். மேலே ஏற்ற மோட்டார் ஓடவில்லை. எண்பதைத் தாண்டிய அவருடைய அம்மாவுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து குடத்தில் தண்ணீர் வந்தது.

அந்தக் கருவியில் பழுது எதுவும் இல்லை. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் வெளிக்கம்பியில் வரும் மின்சாரத்தின் அழுத்தத்தையும் அலைவெண்ணையும் பார்த்துத்தான் தன் மின்சாரத்தை அதோடு ஒத்து அனுப்பும். வெளியே மின்சாரம் நின்றால் ஓரிரு நொடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியைக் கட்டும் லைன்மேன் அந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித்தான் கை வைக்கிறார். ஏதோ ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் திரும்பி வந்தால் அவர் உயிர் போகும். ஆகவே விதி சரியானது, கட்டாயம் வேண்டியது. கரண்ட் போன நேரத்திலும் வீட்டுக்கு மட்டும் மின்சாரம் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு வெகுவாக ஏறிவிடும்.

இப்போது திட்டத்தைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 என மானியம். பேனலின் கிலோவாட்டைப் பார்த்துத்தான் பணம். பேட்டரிக்கு என்று தனி மானியம் கிடையாது. கட்டணத்தைக் குறைக்கும் திட்டமாக இதை எடுத்துக்கொண்டால் எனக்குப் பெரிய புகார் இல்லை. ஆபத்துக் காலத்தில் நம்மைக் காக்கும் திட்டம் என்று சொன்னால் அது பொய். கட்டமைப்பை எதிரி வீழ்த்தினாலும், புயல் வீழ்த்தினாலும், தெருமுனை டிரான்ஸ்பார்மர் எரிந்தாலும் இந்தக் கூரைகள் எல்லாம் அதே நொடியில் அணைந்துபோகும். எத்தனை கூரை, எத்தனை கிலோவாட் என்று கணக்குச் சொல்கிறார்கள். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கை யாரும் சொல்வதில்லை.

“பயத்தைச் சொல்லியாவது நல்ல காரியம் நடக்கட்டுமே, உனக்கென்ன?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறோமோ அதற்கேற்ற தீர்வைத்தான் தேடுவோம். பயம் தவறான இடத்தில் இருந்தால் பணமும் அங்கேதான் போகும். செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்துக்கு அஞ்சிய அமெரிக்கர்கள் பலர் காரில் போனார்கள். அடுத்த ஓராண்டில் அதனால் மட்டும் சாலையில் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கீகரென்சர் கணக்கிட்டார். அந்தச் சாவுகளுக்கு நினைவுத்தூண் எதுவும் எழவில்லை.

மின்சாரத்திலும் இதே கதைதான். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டன. இரண்டாம் நாள் அறுபது கோடிப் பேருக்குமேல் பாதிக்கப்பட்டார்கள். குண்டு வைத்தவர் எவரும் இல்லை. மாநிலங்கள் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்க, பினா – குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் சுமை தாங்காமல் விழுந்தது, பின்னாலேயே மற்றவையும் விழுந்தன. அமெரிக்காவில் 2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மெட்காஃப் துணைமின் நிலையத்தைத் துப்பாக்கியால் சுட்டு 17 டிரான்ஸ்பார்மர்களைச் சேதப்படுத்தினார்கள். உலகமே பேசிய அந்தத் தாக்குதலில் பெரிய மின்வெட்டு ஏற்படவில்லை. வேறு தடங்கள் வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள்.

இலங்கை இன்னும் அருகில் இருக்கும் பாடம். 2016 மார்ச்சில் தீவு முழுக்க மின்சாரம் நின்றபோது சதி என்ற சந்தேகம் எழுந்து மின்நிலையங்களுக்கு ராணுவக் காவல் போட்டார்கள். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தீவு மறுபடி முழுவதும் இருண்டது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். விடுமுறை நாளில் தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் மிகுதியாகவும் இருந்ததால் கட்டமைப்புக்கு அந்த அதிர்ச்சியைத் தாங்கும் வலு இல்லாமல் போனது என்று பிறகு இலங்கை மின்சார சபை விளக்கியது. இரண்டே மாதத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணிவரை அதை அணைத்து வைக்குமாறு அதே சபை கேட்டுக்கொண்டது. பரவிக் கிடப்பதாலேயே ஒன்று வலுவாகிவிடாது. கட்டமைப்பின்மேல் சாய்ந்து நிற்கும் இலட்சம் பேனல்கள் கட்டமைப்புக்குச் சுமையாகவும் ஆகலாம். சேமிக்க இடமில்லாத மின்சாரம் அப்படித்தான்.

நம் ஊரில் மின்சாரத்தைப் பறிப்பது எது என்று டெல்டாக்காரர்களைக் கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு இலட்சத்துக்கும் மேலான மின்கம்பங்களைச் சாய்த்தது. வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போடக் காசு கொடுத்தார்கள். எல்லா மாவட்டத்து மின்வாரிய ஊழியர்களும் வந்து சேற்று வயலில் இடுப்பளவு இறங்கிக் கம்பம் நட்டார்கள். அந்த வேலையில் உயிரை விட்டவர்களும் உண்டு. அந்தக் கிராமங்களுக்கு வேண்டியிருந்தது ஊருக்கு ஒரு தொட்டி மோட்டாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு விளக்கும் தடுப்பூசிப் பெட்டியும் ஓடும் அளவுக்கு, பேட்டரியோடு கூடிய சோலார்தான். அது உலகம் காணாத தொழில்நுட்பம் அல்ல. சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களுக்கு அந்த மாநிலத்தின் கிரெடா நிறுவனம் இதைச் செய்து கொடுத்திருக்கிறது.

இனி உயிர்க் கணக்கு. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தைச் சிறிதாக்க நான் வரவில்லை. ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல், ஆண்டு தவறாமல். ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவர், அறுந்து கிடந்த கம்பியை வரப்பில் மிதித்தவர், துணி காயப்போட்ட கம்பியில் மின்சாரம் பாய்ந்து போனவர். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு வாரம் பேசினோம். தேர் போகும் தெருக்களிலெல்லாம் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோய்விட்டோமா? 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.டி. கருவி ஓரிரு ஆயிரம் ரூபாய்தான். எத்தனை ஓட்டு வீடுகளில், காலனி வீடுகளில் அது இருக்கிறது? 78,000 ரூபாய் மானியம் சொந்தக் கான்கிரீட் கூரை உள்ளவருக்குப் போகிறது. மின்சாரத்தால் சாகிறவர்களில் பலருக்கு அப்படிப்பட்ட கூரையே இல்லை. அந்தப் பணத்தை “பாதுகாப்பு” என்ற பெயரில் செலவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னும் ஒரு சோலார் திட்டம் வந்தது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூரிய விளக்குகள் கொடுத்தார்கள். ஏழை வீட்டை நினைத்துச் செய்தது, கரண்ட் போனாலும் எரிவது. என் மதிப்பீட்டில் அதன் எண்ணம் இப்போதைய திட்டத்தைவிட மேலானது. ஆனால் நான் பார்த்த வீடுகளில் பேட்டரி செத்த பிறகு மாற்ற ஆள் வரவில்லை. கூரையில் பேனல் மட்டும் மிச்சமிருக்கிறது. சிறிய அளவு மின்சாரத்துக்கு உயிர் பராமரிப்பில் இருக்கிறது. ஊராட்சி அளவில் பேட்டரியைச் சோதிக்கவும் மாற்றவும் ஒரு ஆளும் அதற்கு ஒரு நிதியும் இல்லையென்றால் ஹைபிரிட் என்றாலும் ஐந்தாறு ஆண்டில் அதே கதிதான். குண்டுவீச்சைக் காட்டிப் பேனல் விற்பவர்கள் இந்தச் சின்ன வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பேனல் வைக்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பட்டப்பகலில் ஈ.பி. போனால் என் வீட்டில் எது எது ஓடும், எவ்வளவு நேரம் ஓடும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே வீட்டு மெயின் பக்கத்தில் ஆர்.சி.டி. இருக்கிறதா என்றும் இன்றைக்கே பாருங்கள். ஊரில் இருப்பவர்கள் அடுத்த கிராமசபையில் தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கும் சுகாதார நிலையத்துக்கும் பேட்டரியோடு சோலார் வேண்டும், பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அக்டோபர் 2 கிராமசபையைத் தாண்டித் தள்ளிப்போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அந்த மாதத்திலேயே வந்துவிடும்.