மயிலத்துக்கு முன்பே முடிவாகும் மாரத்தான்

மாரத்தான் எவ்வளவு தூரம் என்று விழுப்புரம் மாவட்டத்தில் யாராவது கேட்டால், 42.195 கிலோமீட்டர் என்று சொல்வதைவிட ரயில் பாதையைக் காட்டுவதே எளிது. திண்டிவனத்தில் கிளம்பினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம் ஜங்ஷன். இவ்வளவும் சேர்ந்தே 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். ஜங்ஷனைத் தாண்டி இன்னும் நாலு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் மாரத்தான் நிறையும்.

முதல் முறை ஓடுகிறவர்களில் பலர் உடைந்துபோவது முண்டியம்பாக்கம் வரும் தூரத்தில், அதாவது 30 கிலோமீட்டரைத் தொடும்போது. ஆனால் அந்த உடைவு மயிலம் வருவதற்குள், முதல் 10 கிலோமீட்டரிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நண்பரின் வேகத்தைச் சீராக வைக்கக் கூடவே ஓடும் பேசரின் (pacer) மதிப்பும் அங்கேதான் தெரியும். கடைசியில் கைதட்டி உற்சாகப்படுத்த வழிநெடுக ஆள் கிடைப்பார்கள். தொடக்கத்தில் இழுத்துப் பிடிக்க ஒரு ஆள்தான் வேண்டும்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரத்துக்கும் 2,700 கலோரிக்கு மேல் வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து அதிகம் போனால் 2,000 கலோரி தரும். மீதியைக் கொழுப்பும், வழியில் சாப்பிடுவதும் ஈடுகட்ட வேண்டும். நிதானமாக ஓடினால் கொழுப்பும் சேர்ந்து எரியும். வேகம் கூடக் கூட உடல் கிளைக்கோஜனையே கேட்கும்.

ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் நண்பரை எடுத்துக்கொள்வோம். அவர் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடியில் ஓட வேண்டும். விடியற்காலைக் குளிர்ச்சியும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து அவரை 6 நிமிடம் 30 விநாடியில் ஓட வைக்கும். மூச்சுகூட வாங்காது. 10 கிலோமீட்டரில் 6 நிமிடம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று மகிழ்வார். அந்த 6 நிமிடத்துக்கு முண்டியம்பாக்கத்துக்கு அப்புறம் அரை மணி நேரம் வட்டி கட்டியவர்கள் ஏராளம். “மாப்ள, இப்பவே என்ன அவசரம், மெதுவா வா” என்று அந்த நேரத்தில் சொல்லவும், சொன்னால் கேட்க வைக்கவும் நண்பனால்தான் முடியும். கையில் கட்டிய கடிகாரம் வேகத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வருகிறவர் நண்பரைவிடத் தெளிவாக வேகமானவராக இருக்க வேண்டும். தனக்கே மூச்சு வாங்கினால் அடுத்தவர் மூச்சைக் கவனிக்க முடியாது. முழு வாக்கியம் பேச முடிகிறதா, தோள் இறுகுகிறதா, பேச்சு குறைகிறதா, கடந்த இரண்டு மேசைகளில் தண்ணீர் எடுத்தாரா என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே பார்க்க வேண்டும். நாலு அடி முன்னால் ஓடி இழுப்பதைவிடத் தோளோடு தோளாகவோ அரை அடி பின்னாலோ வருவது நல்லது. முன்னால் ஓடுகிறவர் தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டிவிடுவார். பின்னால் வரும் நண்பர் அதைத் துரத்திக் களைத்துவிடுவார்.

உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கும் துணை தேவைப்பட்டது. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியூட் கிப்சோகே இந்தத் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்தபோது, 41 பேசர்கள் முறை வைத்து அவரைச் சுற்றி ஓடினார்கள். அவர்களில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களும் இருந்தார்கள். பேசர்கள் இடையிடையே மாறி மாறி வந்ததாலும் வேறு ஏற்பாடுகளாலும் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் மனிதனால் ஓட முடியும் என்று காட்டியது அந்தக் கூட்டு உழைப்புதான். அந்த வேகத்தில் காற்றைத் தடுப்பது பெரிய உதவி. நம்மைப் போன்றவர்களின் வேகத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. நமக்குத் துணை தருவது தெளிவு: எவ்வளவு வேகம், எப்போது தண்ணீர், இன்னும் எவ்வளவு தூரம் என்ற கணக்குகளை வேறொருவர் சுமந்துகொள்வது.

நம் நாட்டுக் கதை எனக்கு இதைவிட நெருக்கமானது. 2016 ஜனவரியில் மும்பை மாரத்தானில் நிதேந்திர சிங் ராவத்துக்குத் துணையாக ஓட வந்தவர் கேரளத்தின் டி.கோபி. துணை வேலை முடிந்ததும் ஒதுங்கிவிடாமல் முடிவுக் கோடு வரை ஓடினார். 2 மணி 16 நிமிடம் 15 விநாடி. இந்தியர்களில் இரண்டாம் இடம், ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி. அந்த ஆகஸ்டில் ரியோவில் கோபி 25ஆவது, அவருக்கு ஒரு விநாடி பின்னால் கேதா ராம் 26ஆவது. அடுத்த ஆண்டு ஆசிய மாரத்தான் பட்டமும் கோபிக்கு வந்தது. நிதானமாக, சீராக ஓடும் பழக்கம் துணைக்கு வந்தவரையும் வளர்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் இளைஞர்கள் விடியலில் மைதானத்தில் கூட்டமாகத்தான் ஓடுகிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அப்படியென்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனைச் சீர்செய்வது, ஏற்கெனவே தேறிய அண்ணன் ஒருவர் கூடவே ஓடிக்காட்டும் நாள்தான். மாரத்தானிலும் இதே பாடம்தான், தூரம் மட்டும் நீளம்.

மாவட்டத்திலேயே இதற்கு ஏற்ற களமும் இருக்கிறது. வானூர் வட்டத்தில் அமைந்த ஆரோவில்லில் 2008 முதல் பிப்ரவரியில் நடத்தப்பட்டுவரும் மாரத்தானில் பரிசு கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. செம்மண் பாதையில், மரங்களுக்கிடையே ஓட வேண்டும். நேரம் எடுக்காத ஓட்டத்தைப் போட்டியாக மதிக்காதவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. நண்பருக்காக ஓடும்போது உள்ளுக்குள் எழும் ‘இன்னும் வேகமாகப் போயிருப்பேனே’ என்ற ஏக்கம் அங்கே எழ வேலையில்லை. முதன்முதலாகத் துணை ஓட விரும்புகிறவர் பழக அதைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

துணைக்கு எல்லையும் உண்டு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுடையோர் மாரத்தானில் மூன்றாவதாக வந்த ஸ்பெயினின் எலேனா கோங்கோஸ்ட், கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு தசைப்பிடிப்பால் தடுமாறிய தன் வழிகாட்டியைத் தாங்கிப் பிடிக்க, இருவரையும் இணைக்கும் கயிற்றை ஒரு நொடி விட்டார். தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அவர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துணைக்கு வருகிறவரின் உடல்நிலையும் அந்த ஓட்டத்தின் பகுதிதான் என்பதை அந்தக் காட்சி காட்டியது. அவரும் தன் நண்பர் அளவுக்காவது பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

நம் வெயிலில் இது இன்னும் முக்கியம். ஏழரை மணிக்குமேல் இதயத் துடிப்பு தானாகவே ஏறும்; அப்போது திட்டமிட்ட வேகத்தைக் கைவிடச் சொல்வதும் பேசரின் பொறுப்பு. தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்க வைப்பதும் ஆபத்து; இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி தந்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நண்பர் உளறினாலோ, நேராக நடக்கத் தடுமாறினாலோ ஓட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

இந்தப் பருவத்தில் நண்பருக்குத் துணை ஓடப்போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: நீங்களும் பெயர் பதிந்து எண் வாங்கி ஓடுங்கள்; பாதி வழியில் புகுந்து ஓடாதீர்கள். உங்கள் சொந்தச் சாதனை நேரத்தை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவையுங்கள். முதல் 10 கிலோமீட்டருக்கு நண்பர் உங்களைத் திட்டினாலும் வேகத்தைக் கூட்டாதீர்கள்.