நினைவும் நினைவோனும்

நினைவென்பது யாது, அஃது எங்ஙனந் தோன்றி எங்கு நிலைபெறுகின்றது என்னும் வினா மெய்ந்நூலார்க்குப் பழமையானது. அதனை ஆய்வுக்கூடத்திற் புகுத்தி விடை காண முயன்றாருள் தலையாயவர் எரிக் காண்டெல் என்னும் நரம்பியல் அறிஞர். 1929-ஆம் ஆண்டில் வியன்னா நகரிற் பிறந்து, 1939-இல் அமெரிக்கா புகுந்து, 2000-ஆம் ஆண்டின் நோபெல் பரிசை வேறிருவரோடு பகிர்ந்துகொண்ட இவர், தம் வாழ்வையும் ஆராய்ச்சியையும் ஒருங்கிணைத்து, 'நினைவைத் தேடி' எனப் பொருள்படும் பெயருடைய ஆங்கில நூலொன்றை 2006-இல் வெளியிட்டார். அந்நூல் நிறுவியது யாது, நிறுவாது விட்டது யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் நிறுவியது கூறப்படும். மக்கள் மூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. அப்பெருங்காட்டினுட் புகாது, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களேயுடைய அப்ளிசியா என்னுங் கடல்நத்தையைக் காண்டெல் தெரிந்துகொண்டார். அதன் நீர்க்குழலைத் தொடின் அது தன் செவுளை உள்ளிழுக்கும். வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி தாக்கிய பின்னரோ, மெல்லிய தொடுதலுக்கும் வன்மையாக இழுக்கும். இந்நிலை சில நிமிடங்களே நிற்கும். இடைவிட்டு ஐந்துமுறை தாக்கின் அது நாட்கணக்கில் நிற்கும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கண்டமையே காண்டெலின் பெருமை. ஒருமுறை தாக்கியவழி, செரோட்டோனின் என்னும் பொருள் சுரந்து, தொடுவுணர் நரம்பணு அடுத்த அணுவுக்கு விடுக்குஞ் செய்திப்பொருளை மிகுவிக்கின்றது. ஆண்டு முன்னுள்ள இணைப்பு வலுப்பெறுவதன்றிப் புதியது தோன்றுவதில்லை. பன்முறை தாக்கியவழி, செய்தி அணுவின் கருவினுட் சென்று, கிரெப் என்னும் புரதத்தின் வாயிலாக மரபணுக்கள் சிலவற்றைத் தொழிற்படுத்தப் புதுப் புரதங்கள் உண்டாகிப் புது இணைப்புக்கள் முளைக்கின்றன. ஒரு நரம்பணுவில் ஏறத்தாழ 1,300 ஆக இருந்த இணைப்பு நுனிகள் 2,700 ஆகப் பெருகுதல் கண்டெண்ணப்பட்டது. புரதம் உண்டாதலை மருந்தினால் தடுப்பின், குறுநினைவு நிற்ப, நெடுநினைவு தோன்றாதொழியும்.

இம்முடிபை மறுத்தல் எளிதன்று, மறுக்க வேண்டுவதுமின்று. இவையெல்லாம் முன்னோர் அறிந்தனவே என்று கூறி மகிழ்தல் அதனினும் பெரும்பிழையாம். புரதமும் இணைப்பு நுனியும் எச்சாத்திரத்தும் ஓதப்பட்டில. பிறர் அரிதின் உழைத்துக் கண்டதனை உழையாதார் தமதெனல் அறிவுடைமையன்று.

நிற்க. ஆசிரியர் இவ்வளவில் அமையாது, மனமென்பது மூளையின் தொழிற்றொகுதியே, நடத்தல் காலின் தொழிலாதல் போல, என்னுங் கோட்பாட்டை நூலின் முகப்பிலேயே வைக்கின்றார். இவ்வுவமை அவர் கோட்பாட்டுக்குத் துணையாகாமை காண்க. காலின்றி நடை நிகழாது. ஆயினும் நடப்பது காலன்று, காலையுடையான். ஊர் சேரவேண்டுமென்று எண்ணினவனும், சேர்ந்தபின் மகிழ்பவனும் அவனே. உடையானும் உடம்பின் தொகுதியே எனின், அதுவே நிறுவப்பட வேண்டுவது. நிறுவவேண்டியதனை முன்னரே கொள்ளுதல் வழுவாம். மெய்கண்டார் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்றெனவும், அவற்றொடு கூடியே தொழிற்படுமெனவுங் கொண்டு, அரசனையும் அமைச்சரையும் உவமை கூறியதும் கருவிக்கும் அதனை உடையானுக்குமுள்ள இவ்வேறுபாடு நோக்கியேயாம்.

அற்றேல், கருவி கெட்டவழி நினைவுங் கெடுகின்றதே எனின், அந்நூல் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியொன்றையே நோக்குக. ஹென்றி மொலைசன் என்பார்க்கு வலிப்புநோய் தீரும்பொருட்டு 1953-இல் மூளையின் இருமருங்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அதன்பின் 2008-இல் இறக்குந்துணையும், புதிதாய் நிகழ்ந்தவற்றை நினைவிற் கொள்ள இயலாதவராயினார். பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார், கண்ணாடியில் தோன்றும் உருவை நோக்கியே விண்மீன் வடிவை வரையும் பயிற்சியை அவர்க்கு அளித்தனர். நாடோறும் அவர் கை திருந்திற்று. முன்னாள் வரைந்தமை மட்டும் அவர் அறிந்திலர். இதனால், பழக்கத் தழும்பாகிய நினைவு வேறு, 'இது முன்னர் எனக்கு நிகழ்ந்தது' என்னும் உணர்வாகிய நினைவு வேறு என்பது பெறப்படும். நத்தையினிடத்து விளக்கப்பட்டது முன்னையதே.

பின்னையதற்கும் மூளை இன்றியமையாதென்பது மெய்யே. காண்டெல் எலிகளின் இடநினைவை ஆராய்ந்து, ஆண்டும் புதுப் புரதம் வேண்டப்படுதலைக் காட்டினார். எனினும், விளக்கவிந்தவழிக் கண் காணாமை கொண்டு, கண்டது விளக்கே என்பார் இலர். நூலின் இறுதிப்பகுதியில் ஆசிரியர்தாமே, உணர்வின் ஒருமையும் அஃது அவரவர்க்கே உரித்தாந் தன்மையும் இன்னும் விளங்காதன என ஒப்புகின்றார். அவ்வொப்புதல் அவர்தம் நேர்மைக்குச் சான்று. முகப்பிற் கொண்ட துணிபுக்கோ மாறு.

இவ்வெல்லாவற்றினும் வலிய சான்று நூலின் தொடக்கத்தே உளது. 1938-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஒன்பதாம் பிறந்தநாளில் தந்தையார் அளித்த நீலநிறப் பொம்மைக் காரை ஓட்டி மகிழ்ந்தான் சிறுவன் காண்டெல். இரண்டு நாள் கழித்து நாத்சியர் கதவைத் தட்டி, யூதராகிய அக்குடும்பத்தை வீட்டினின்றும் வெளியேற்றினர். மீண்டு வந்தபோது அப்பொம்மையும் ஏனை உடைமைகளும் அங்கில்லை. அந்நினைவே தம்மை நினைவாராய்ச்சிக்கு ஈர்த்த காரணங்களுள் ஒன்றென்பர் ஆசிரியர். பின்னர் 2003-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தே, நாத்சியர் காலத்தில் ஆஸ்திரியா ஒழுகியவாற்றை ஆராயும் கருத்தரங்கொன்றையும் அவர் கூட்டுவித்தார்.

வாலில் தாக்குண்ட நத்தையின் தழும்பு நின்றாலும் மறைந்தாலும் அதனைப் பழிப்பார் யாருமிலர். ஒரு நாடு தான் செய்த கொடுமையை மறப்பின் அது பழிக்கப்படும். மறவாமை கடமையாகுமிடத்து, அக்கடமையைத் தாங்குவானும் ஒருவன் உளனாதல் வேண்டும். இணைப்பு நுனிகள் பெருகலாம், குறையலாம், கடமையுடையன ஆகா. நினைவின் கருவியைக் காண்டெல் செவ்விதின் விளக்கினார். நினைவோனை விளக்கினாரல்லர், ஆயினும், தாம் நினைந்தவாற்றானும் பிறரை நினைப்பித்தவாற்றானும் அவனுண்மையைத் தம் வாழ்வினாற் காட்டினார் என்க.