இரண்டு மலைக்கு நடுவே உதிக்கும் தெஹிவளைச் சூரியன்

தெஹிவளையில் வளரும் பிள்ளைக்குத் தெரிந்த சூரியன் காலி வீதிக்கு மேற்கே, ரயில் பாதைக்கு அப்பால், கடலுக்குள் இறங்குகிற சூரியன். மலையைப் பார்க்க வேண்டுமானால் அது மலையகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் ஒரு சித்திரக் கொப்பியையும் பஸ்டல் பெட்டியையும் கொடுத்து, விரும்பியதை வரை என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை வரும். அவற்றுக்கு நடுவே கதிர் விரித்த சூரியன், கீழே ஒரு ஆறு, கரையில் ஓலைக் குடில், சாய்ந்த தென்னை, வானத்தில் ரீச்சர் சிவப்புப் பேனாவால் சரி போட்டதுபோல நாலு பறவை. இதற்கு ‘சீனறி’ என்று பெயர். தொடர்மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் இந்தக் குடில் எப்படி வந்தது? அது கண் வழியாக வரவில்லை. அக்காவின் கொப்பியிலிருந்தும் ரியூஷன் வகுப்பிலிருந்தும், ‘தா, நான் கீறிக் காட்டுறன்’ என்று பென்சிலை வாங்கிய அப்பாவின் கையிலிருந்தும் வந்தது. வீட்டில் சித்திரம் பழக்க விரும்பும் பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, பென்சிலைத் தொடாமல், பிள்ளை தானாக வரைந்ததை ரசிக்கப் பழகுவது. ரசிக்கத் தெரியாதவரால் இந்தக் கலையைக் கற்பிக்க முடியாது என்பது என் கட்சி.

ரசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் படத்தில் பஸ்ஸின் பக்கத் தகடு இல்லாமல் போய், உள்ளே இருப்பவர்களின் கால்கள் தெரியும். மேசையை மேலிருந்து பார்த்தபடி வரைந்து, நாலு காலையும் நாலு பக்கம் விரித்துவிடும். அம்மம்மா வீட்டைவிடப் பெரியவராக நிற்பார். பிரெஞ்சு ஆய்வாளர் லுகே, 1927இல் வெளிவந்த சிறுவர் சித்திரம் பற்றிய நூலில், பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை விட்டுத் தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று இதை விளக்கினார். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். இவை ஓவியத் தீர்மானங்கள். தெஹிவளை கரகம்பிட்டிய சுபோதாராம விகாரையின் சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள். இலங்கையின் பழைய விகாரைச் சுவர்களில் கதை பட்டி பட்டியாக ஓடும்; ஒரே ஆள் ஒரே பட்டியில் திரும்பத் திரும்ப வருவார்; மாளிகையின் முன்சுவரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடப்பதைக் காட்டியிருப்பார் ஓவியர்; வெறும் இடத்தில் பூக்களை இறைத்திருப்பார். அவருக்குத் தூரக்காட்சி தெரியாது என்று யாரும் புள்ளி குறைப்பதில்லை. கதை சொல்ல எது தேவையோ அதற்காக அவர் சுவரை நீக்கினார். பஸ்ஸின் தகட்டைப் பிள்ளை நீக்கியதும் அதே காரணத்துக்காகத்தான். ‘பஸ் இப்படியா இருக்கும்?’ என்று கேட்கிற அப்பா, அந்தக் கேள்வியை விகாரைச் சுவரிடமும் கேட்க வேண்டிவரும்.

இந்தக் கண்ணோட்டம் கொழும்புக்குப் புதிதல்ல. 1920களில் இலங்கைப் பாடசாலைகளுக்குச் சித்திரப் பரிசோதகராக இருந்த வின்சர், அந்நிய அச்சுப் படங்களைப் பார்த்துக் கீறுகிற வழக்கத்திலிருந்து பிள்ளைகளை இந்நாட்டுக் கலையின் பக்கம் திருப்ப முயன்றவர். அவர் பெயரிலேயே 1938இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை ஓவியக் கழகம் தொடங்கினார். தெஹிவளைக்குச் சற்று வடக்கே பம்பலப்பிட்டியில், மெல்போர்ன் அவெனியூவில், 1949இல் கோரா ஏப்ரகாம் தொடங்கிய சிறுவர் வகுப்பு அந்தத் தெருவின் பெயராலேயே அறியப்பட்டது. பிள்ளையின் படம் பெரியவர்களின் படத்துக்குப் போகும் வழியில் உள்ள குறைப்படம் அல்ல, தன்னளவில் முழுமையானது என்ற எண்ணம் நகரத்துப் பெற்றோரிடம் பரவியதில் இத்தகைய வகுப்புகளுக்குப் பெரிய பங்குண்டு.

அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடலாமே என்பார்கள் சிலர். இந்தக் கட்சியின் மூலவர் வியன்னாவின் ஃபிரான்ஸ் சிசெக். 1897இல் சிறுவர் வகுப்பைத் தொடங்கிய அவர், பிள்ளைகள் தாமாக வளர வேண்டும், ஆசிரியர் குறுக்கிடக்கூடாது என்றார். ஆனால் அந்த வகுப்புப் படங்களைக் கூர்ந்து பார்த்தால் அக்கால வியன்னாவின் அலங்கார பாணி அப்படியே தெரிகிறது. ஆசிரியர் வாய் திறக்காவிட்டாலும் ஊர் பேசிவிடுகிறது. சீனறியும் இதைத்தான் காட்டுகிறது: பிள்ளைகள் உலகத்திலிருந்து வரைவதைவிட, பார்த்த படங்களிலிருந்தே அதிகம் வரைகிறார்கள். வெறுமனே விட்டுவிட்டால் அவர்கள் சுதந்திரமாக இருக்கப் போவதில்லை. கலரிங் புத்தகத்திடமும் கார்ட்டூனிடமும் போவார்கள். ஆகவே வீட்டார் குறுக்கிட வேண்டிய இடம் கொப்பி அல்ல, பிள்ளை பார்க்கும் படங்கள்.

இதைவிட வலுவான மறுப்பு மரபின் பக்கமிருந்து வருகிறது. ஏடு தொடக்கும்போது குருக்கள் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறார். கோலம் அம்மாவைப் பார்த்துப் போடுவது. சிற்பியின் மகன் பல வருடம் படி எடுத்தே தொழில் படிக்கிறான். பார்த்துக் கீறுவது கெடுதல் என்றால் இத்தனையும் கெடுதலா? இல்லை. கோலத்தைப் படி எடுக்கும் பிள்ளை ஒரு விதியைக் கற்கிறது. புள்ளியை எப்படி நிரைப்படுத்துவது, கோடு எங்கே வளைந்து எங்கே வந்து சேரவேண்டும் என்பது பிடிபட்டுவிட்டால், அம்மா போடாத கோலத்தை அதால் போட முடியும். சீனறியைப் படி எடுத்த பிள்ளைக்கு அதற்கப்பால் போக வழியில்லை. அதிகபட்சம் மலை இரண்டு மூன்றாகும். கோலம் பழக்குங்கள், தாராளமாக. சித்திரம் பழக்குகிற மிகப் பழைய வீட்டுப் பாடம் அது.

ஒன்பது, பத்து வயதில் வருவதுதான் உண்மையான சிக்கல். தான் வரைந்த கை கைபோல இல்லை என்று பிள்ளைக்கே தெரியத் தொடங்கும். அழிறப்பர் பென்சிலைவிட வேகமாகத் தேயும். அநேகர் சித்திரத்தைக் கைவிடுவதும் அந்த வயதில்தான். அப்போது ‘நல்லா இருக்கு’ என்ற புகழ்ச்சி உதவாது, பிள்ளை நம்பாது. அந்த நேரத்தில் பார்க்கப் பழக்க வேண்டும். அதற்குப் பொருள் தேடிக் கடைக்குப் போகத் தேவையில்லை. குசினியில் திருவலை இருக்கிறது, இடியப்ப உரல் இருக்கிறது. திருவலையின் பல் எத்தனை என்று எண்ணச் சொல்லாதீர்கள். பலகைக்கும் அலகுக்கும் நடுவே உள்ள வெறும் இடம் என்ன வடிவம் என்று கேளுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, உரலின் வாய் வட்டமாகத் தெரிகிறதா சப்பையாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். கேட்பவருக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கூடவிருந்து பார்க்கத் தெரிந்தால் போதும். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே சித்திரம் பழக்கிய அ. மாற்குவின் பெருமையை நான் இங்கேதான் காண்கிறேன். அவரிடம் பழகிய வாசுகியின் ஓவியங்கள் மாற்குவின் ஓவியங்களைப்போல இல்லை.

நேரமில்லை, கடதாசி விலை, புள்ளி வராது என்பவை மீதி மறுப்புகள். கடதாசித் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாட்டில் இரண்டாவதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் பில்லின் பின்பக்கமும் தேயிலைப் பெட்டி அட்டையும் போதும். பெரிய வெள்ளைத் தாளைக் கண்டு மிரளும் பிள்ளை சிறிய அட்டையில் துணிந்து கீறும். புள்ளியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சாதாரண தரத்தில் சித்திரம் எடுக்கப் போகிற பிள்ளைக்கும் பார்க்கத் தெரிவது நட்டமாகாது. போட்டிக்கென்று ஒரே படத்தைப் பத்துத் தடவை மனப்பாடம் செய்விப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதற்குச் செலவாகிற சனிக்கிழமையில் பிள்ளையைக் கரகம்பிட்டியவுக்குக் கூட்டிப் போகலாம். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில் ‘நாற்பத்து மூன்று குழு’ என்ற ஓவியர் குழுவினரின் ஓவியங்கள் இருக்கின்றன, அங்கேயும் போகலாம். போகும்போது ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அழிறப்பரை வீட்டில் விட்டுவிடுங்கள்.