பயாஸில் உயிரோடு இருந்த கீபோர்டு

அருப்புக்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பர் போன் பண்ணினார். "அண்ணே, பயாஸ்ல கீபோர்டு ஓடுது. விண்டோஸ் 7 போட ஆரம்பிச்சதும் செத்துப்போகுது. மவுஸும்தான்." காதணி விழாப் பத்திரிகை, பங்குனிப் பொங்கல் நோட்டீஸ் எல்லாம் அவருக்குப் பேஜ்மேக்கரில்தான். தமிழ் எழுத்துரு மென்பொருளின் டாங்கிளுக்கு விண்டோஸ் 7-க்குப் பிறகு டிரைவர் கிடையாது. பழைய மதர்போர்டு போய்விட்டதால், இன்டெல் ஆறாம் தலைமுறைப் பெட்டி ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருந்தார்.

"விண்டோஸ் பழசு, அதான்" என்று முடித்துவிடலாம். ஆனால் அதே பெட்டியை டாஸில் பூட் செய்தேன், கீபோர்டு ஜோராக ஓடியது. 1981-இல் வந்த டாஸுக்குக் கிடைக்கிற கீபோர்டு 2009-இல் வந்த விண்டோஸுக்குக் கிடைக்கவில்லை என்றால் வயது காரணமில்லை. டாஸ் பயாஸிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. விண்டோஸ் வன்பொருளோடு தானே பேசும், அதற்கு டிரைவர் வேண்டும். விண்டோஸ் 7-க்குத் தெரிந்தது யூஎஸ்பி 2.0-வின் ஈஹெச்சிஐ வரைதான், 3.0-வின் எக்ஸ்ஹெச்சிஐ தெரியாது. 2015-இல் ஸ்கைலேக்கோடு வந்த சிப்செட்களில் இன்டெல் ஈஹெச்சிஐயையே தூக்கிவிட்டது. கறுப்பு போர்ட்டோ நீல போர்ட்டோ, எதில் செருகினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

எல்லாரும் இன்டெல்லைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. எக்ஸ்ஹெச்சிஐ 1.0 வந்தது 2010 மே. சர்வீஸ் பேக் 1 வந்தது 2011 பிப்ரவரி. 2012-இல் விண்டோஸ் 8-க்குள் டிரைவரை வைத்த மைக்ரோசாஃப்ட், 2020 ஜனவரி வரை ஆதரவு தந்த 7-க்குக் கடைசிவரை தரவில்லை. இன்டெல்லாவது டிரைவரை வெளியிட்டது. ஆனா அதை இன்ஸ்டால் பண்ணவே மவுஸ் வேணுமே! வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதை.

பிஎஸ்/2 போர்ட் இருந்திருந்தால் பஜாரில் ஒரு பழைய கீபோர்டோடு முடிந்திருக்கும். இதில் இல்லை. சில போர்டுகளின் பயாஸில் 'போர்ட் 60/64 எமுலேஷன்' என்று இருக்கும், யூஎஸ்பி கீபோர்டைப் பிஎஸ்/2 மாதிரி நடிக்க வைக்கும். அதுவும் இல்லை. வேறு கம்ப்யூட்டரில் வைத்து, டிஸ்ம் கட்டளையால் இன்டெல் டிரைவரை பூட்.விம் கோப்பில் ஏற்றினேன். இன்ஸ்டாலர் ஓடியது. ரீஸ்டார்ட் ஆகி, யூசர் பெயர் கேட்கும் இடத்தில் மறுபடியும் பிணம். இன்ஸ்டால்.விம்-ஐ மறந்திருந்தேன். உண்மையில் நிறுவப்படும் விண்டோஸ் அதற்குள்தான் இருக்கிறது, பூட்.விம் வெறும் வாசல். ஞாயிற்றுக்கிழமை மதியம் போச்சு.

இரண்டாம் தடவை இரண்டிலும் ஏற்றியபின் டாங்கிளும் வேலை செய்தது, அதுவும் யூஎஸ்பிதானே. நெட் இணைப்பு மட்டும் கொடுக்காதீங்க என்று சொல்லியிருக்கிறேன். இப்போது பென்டிரைவில் பிடிஎஃப் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகிறார். யூனிகோடுக்கு மாறச் சொன்னால் மட்டும், "இருபது வருஷ ஃபைல யாருண்ணே மாத்துறது?" என்கிறார். அதற்கு என்னிடம் டிரைவர் இல்லை.