அச்சம் யாருக்கு? 'உள்ளது நாற்பது' மங்கல வெண்பாவை முன்வைத்து

அருப்புக்கோட்டையை அடுத்த வறண்ட நிலத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன் (ரமணர்), பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். 1896இல் மதுரையில் மரண அச்சத்திற்கு ஆட்பட்டார். உடலைப் பிணம்போல் கிடத்தி, இறப்பது எது என்று வினவிய அந்நிகழ்வை இருத்தலியல் நெருக்கடியாகக் காண்பது இயல்பே. ஆயின், அவர்தம் பனுவல்கள் அவ்வாசிப்பிற்கு எளிதில் இடந்தருவதில்லை.

சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களால் உருவான 'நான் யார்?' நூலில் மதுரை நிகழ்வு இடம்பெறவில்லை. 'உள்ளது நாற்பது' நூலின் இரண்டாம் மங்கல வெண்பா மரண அச்சத்தைப் பேசுகிறது. எனினும் அஞ்சுவோர் அங்குப் படர்க்கைப் பன்மையில் சுட்டப்படுகின்றனர். அவர்கள் இறைவனைச் சரணடைய, அச்சத்தோடு அஞ்சியவரும் மறைகின்றனர். தன்மையிடம் தவிர்க்கப்படுவது அடக்கம் மட்டுமன்று. நூற்கருத்தே இலக்கண வடிவம் பெற்றதாகும்.

வதைமுகாமில் துன்புற்ற வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல், துன்பத்திலும் வாழ்வின் பொருளைக் காண இயலும் என்றார். அங்குப் பொருள் தேடுபவர் எஞ்சுகிறார். இங்குத் தேடும் 'நான்' என்பதே வினாவிற்கு உள்ளாகிறது. அருணாசல அட்சரமணமாலையில் தன்மைக்குரல் தலைவியாய் உருகினும், அது வேண்டுவது வாழ்வின் பொருளையன்று, இரண்டறக் கலத்தலையே. ஆகவே, ரமணரைப் பொருள்தேடல் உளவியலின் முன்னோடியாகக் கொள்ளும் ஒப்பாய்வு, அவர் எழுப்பிய வினாவையே மாற்றிவிடுகிறது.