எழுதக் கற்பித்தலும் வீட்டு மொழியும்

கவிஞனை வகுப்பறை உருவாக்க இயலாது என்பது நம் கல்வியாளர் பலரின் உறுதியான எண்ணம். நம் மரபு அவ்வாறு கருதவில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், எட்டயபுரத்துக் கடிகை முத்துப்புலவரிடம் பாடம் கேட்டவர். அல்லாமா இக்பால் இளமையில் தம் கஸல்களை உஸ்தாத் தாக் தெஹ்லவிக்கு அஞ்சலில் அனுப்பித் திருத்தம் பெற்றார். இனித் திருத்துவதற்கு அதிகமில்லை என்று உஸ்தாதே விரைவில் தெரிவித்துவிட்டார். மூத்த கவிஞர் இளையவரின் வரிகளைச் செப்பனிடும் இம்முறையை உருது உலகம் ‘இஸ்லாஹ்’ என்றழைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் பிற நாடுகள் இப்பணியைக் கல்விக்கூடத்திடம் ஒப்படைத்தன. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை, உஸ்தாதின் இடத்தில் சக மாணவர்களையும் அமர்த்தியது. ஒருவரின் கதையை ஏனையோர் முன்னரே படித்து வந்து விவாதிப்பர். எழுதியவர் வாய் திறவாது கேட்டிருப்பார். தன் எழுத்தைப் பிறர் கண்கொண்டு காணும் பயிற்சி இது. மாஸ்கோவில் 1933இல் நிறுவப்பட்ட கார்க்கி இலக்கிய நிறுவனத்திலோ, மூத்த எழுத்தாளரின் வழிகாட்டலுடன் இலக்கிய வரலாறும் மொழிபெயர்ப்பும் பாடங்களாயின. அரசின் கொள்கை எனும் விலங்கும் அங்கிருந்தது. எனினும் சிறுபான்மை மொழியினருக்கு அதன் வாயில் திறந்திருந்தது. தாகெஸ்தானின் ரசூல் கம்சதோவ் அங்கே பயின்றும் தம் அவார் மொழியிலேயே கவிஞராக நிலைத்தார். தமிழ் வாசகர் நன்கறிந்த ‘ஜமீலா’வின் ஆசிரியர் சிங்கிஸ் ஐத்மாத்தவும் 1956 முதல் 1958 வரை அங்கே பயின்றவரே.

இப்பின்னணியில் விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் நோக்குவோம். ஈரூர்களிலும் அரசு கலைக்கல்லூரிகள் உள்ளன. அங்கே தமிழ் பயிலும் மாணவர், சங்கப் பாடல் முதல் புதுக்கவிதை வரை கற்கின்றனர். தேர்வு அவர்களிடம் இலக்கியத்தைப் பற்றி வினவுகிறது. இலக்கியம் படைக்குமாறு கேட்பது அரிது.

வழிகாட்ட ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. விழுப்புரம் அரசு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய த. பழமலய், 1988இல் வெளிவந்த ‘சனங்களின் கதை’யில் தம் ஊர் மக்களையும் அவர்தம் பேச்சையும் புதுக்கவிதைக்குள் கொணர்ந்தார். அதே காலகட்டத்தில், மலையாள வழியில் கற்ற தோப்பில் முஹம்மது மீரான், ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைத் தென்கோடி முஸ்லிம்களின் பேச்சுமொழியில் எழுதினார். இருவரின் ஆற்றலும் ஊற்றெடுத்தது வீட்டு மொழியில்.

நம் வகுப்பறை அந்த ஊற்றையே அடைத்துவிடுகிறது. ‘அத்தா’ என்றெழுதிய மாணவனின் கட்டுரையில் சிவப்பு மை விழுந்தால், அடுத்த முறை அவன் ‘தந்தையார்’ என்றெழுதுகிறான். அத்துடன் அவன் வீடும் தாளைவிட்டு அகன்றுவிடுகிறது. வீட்டில் உருது பேசும் மாணவிக்கு இழப்பு இன்னும் பெரிது: அவளுடைய நன்னிமா சொன்ன கதைகளுக்குப் பாடத்திட்டத்தில் எங்கும் இடமில்லை. சேரியிலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வரும் பிள்ளைகளின் நிலையும் இதுவே.

இதனை மாற்றப் பெரும்பொருள் தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும், நகலெடுத்த சில தாள்களும், வட்டமாய் அமர ஓரிடமும் போதும். அயோவாவிடமிருந்து பொறுமையாய்க் கேட்கும் பழக்கத்தையும், மாஸ்கோவிடமிருந்து மொழிபெயர்ப்புப் பயிற்சியையும் பெறலாம். நன்னிமாவின் கதையை அம்மாணவி தமிழில் எழுதுவதே முதற்பாடமாகட்டும். இஸ்லாஹ் என்ற சொல்லுக்குச் சீர்திருத்தம் என்றும் பொருளுண்டு. அது மாணவரின் வரியில் தொடங்குமுன், ஆசிரியரின் சிவப்பு மையில் தொடங்க வேண்டும்.